கஞ்சித் தொட்டியும் ஏரிக்கரையும்

வடசென்னையின் பழைய ஆட்களிடம் போய் 'ஸ்டான்லி ஆஸ்பத்திரி' என்று சொல்லிப் பாருங்கள். "ஓ... கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். 1938-ல் மருத்துவக் கல்லூரி ஆகி, கவர்னர் ஸ்டான்லியின் பெயரில் பெரிய போர்டு மாட்டி, எத்தனையோ தலைமுறை டாக்டர்களை உருவாக்கிய இடம். ஆனாலும் ஜனங்கள் விடுவதாக இல்லை. கஞ்சித் தொட்டிதான்!

அந்தக் கஞ்சியின் கதை ராயபுரத்தில் ஆரம்பிக்கவில்லை. எழுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, காஞ்சிபுரத்தில் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டு வரலாம், வாருங்கள்.

1780, ஜூலை. மைசூரிலிருந்து ஹைதர் அலி மலை இறங்கினார். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படை என்கிறார்கள். கம்பெனியார் அலறி அடித்துக்கொண்டு ஹெக்டர் மன்றோ தலைமையில் காஞ்சிபுரத்துக்கு ஒரு படையை அனுப்பினார்கள். (சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மன்றோ வேறு. அவர் தாமஸ். அப்போது பத்தொன்பது வயதுப் பையனாக இதே படையில் இருந்தார்.) குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் பெய்லி இன்னொரு படையோடு வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். இதுதான் திட்டம்.

பெய்லி வந்தார். ஆனால், வழியில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம். சில நாட்கள் போயின. அந்த சில நாட்கள் திப்பு சுல்தானுக்குப் போதுமானதாக இருந்தன. செப்டம்பர் 10-ம் தேதி, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் பெய்லியின் படையை அப்பாவும் பிள்ளையும் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. படை அநேகமாக முழுசாக அழிந்தது. பெய்லி கைதியாகி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே செத்துப்போனார். அந்த வெற்றியை அங்கே அரண்மனைச் சுவரில் திப்பு ஓவியமாகவே தீட்டி வைத்தார். இன்றும் பார்க்கலாம்.

சரி, மன்றோ என்ன செய்துகொண்டிருந்தார்? காஞ்சிபுரத்தில் கோயிலுக்குள் சேர்த்து வைத்திருந்த அரிசியை விட்டு நகர மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார். சேதி வந்ததும் கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓட்டம் பிடித்தார்!

படை ஓடிவிட்டது. ஜனங்கள்?

பாடப் புத்தகங்கள் இந்த இடத்தில் சட்டென்று அடுத்த போருக்குத் தாவிவிடும். நாம் கொஞ்சம் நிற்போம். செங்கல்பட்டுச் சீமை என்பது ஏரிகளை நம்பிய சீமை. வற்றாத பெரிய ஆறு கிடையாது. மழை பெய்தால் ஏரி, ஏரி இருந்தால் நெல். குதிரைப்படை வந்து ஊரைக் கொளுத்தி, மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. ஏரிக்கரை உடைந்தால் அடைக்க ஆள் இல்லை. நெல் இல்லாத ஊரில் நெசவாளி யாருக்குப் புடவை விற்பான்? உழுதவரும் நெய்தவரும் கோட்டை இருக்கிற திசையைப் பார்த்து நடந்தார்கள். சென்னைத் தெருக்கள் வீடற்றவர்களால் நிறைந்தன. பின்னாலேயே பெரும் பஞ்சமும் வந்தது.

1782-ல் சென்னையில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தார்கள். அதுவே 'மணியக்காரர் சத்திரம்' ஆனது. வெள்ளைக்காரர் வாயில் 'மோனிகர் சவுல்ட்ரி'. கஞ்சி குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். அதனால் மருத்துவமும் சேர்ந்தது. அப்படித்தான் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி ஆனது. அந்தக் கஞ்சி எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும்! அதைக் குறை சொல்கிறவன் வாயில் புழுதான் விழும்.

ஆனால், நான் படித்தது பி.காம். வரவையும் செலவையும் பார்த்தே பழகிய புத்தி ஒரு கேள்வி கேட்கிறது. போர் 1784-ல் முடிந்தது. கஞ்சித் தொட்டி ஏன் முடியவில்லை? ஏன் நிரந்தரமானது?

வந்தவர்கள் திரும்பிப் போக ஊர் இல்லை என்பதும் ஒரு காரணம். ஊர் அங்கேதான் இருந்தது. ஏரி இல்லை.

இந்த இடத்தில் ஒரு விசித்திரமான ஆசாமி நுழைகிறார். லயனல் பிளேஸ். 1794-ல் இந்தச் சீமைக்குக் கலெக்டராக வந்தவர். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் மேல் அவருக்கு அப்படி ஒரு ஈடுபாடு. திருவிழாவை முன்னின்று நடத்தினார், நகை கொடுத்தார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இருக்க ராமனும் லட்சுமணனும் வில்லோடு காவல் நின்றதை ராத்திரி மழையில் கண்ணால் பார்த்தார் என்று கதை. அந்த ஏரிகாத்த ராமர் இன்றைக்கும் பிரசித்தம். அது 1798.

கதையை விடுங்கள். ராமர் காவல் நிற்க ஒரு கரை இருக்க வேண்டுமே! அந்தக் கரையைச் செப்பனிட்டவர் பிளேஸ். ஒரு ஏரி மட்டுமல்ல, சீமை முழுக்க ஏரிகளைப் பழுது பார்க்கச் செலவு செய்தார். ஓடிப்போன குடிகளைத் திரும்ப அழைத்து நிலத்தில் உட்கார வைக்க முயன்றார்.

தர்மவான் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கணக்கு வேறு. ஏரியில் தண்ணீர் நின்றால் நெல், நெல் விளைந்தால் கம்பெனிக்கு வரி. பண்ணைக் கூலியாட்கள் மண்ணை விட்டு நகரக் கூடாது என்பதிலும் ஆசாமி கறாராக இருந்தார். ஆனால் பாருங்கள், கருணையோடு ஊற்றிய கஞ்சி செய்யாத ஒரு வேலையை, வரிக்காகக் கட்டிய கரை செய்தது. தெருவுக்கு வந்தவனுக்குத் திரும்பிப் போக ஒரு காரணம் கொடுத்தது.

காரணம் கொடுக்காமல் ஊருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அதற்கும் சாட்சி இருக்கிறது, சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு, 1985. மனுதாரர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலை போய் 1961-ல் பம்பாய்க்குப் போனார். கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட் கூரை போட, ஒரு தாதாவுக்கு 2,500 ரூபாய் அழுதிருக்கிறார்! 1981 ஜூலையில் குடிசையை இடித்து, குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மனைவியையும் பெண்களையும் ஊரில் விட்டுவிட்டு மனிதர் மறுபடி பம்பாய் நடைபாதைக்கே வந்து சேர்ந்தார். சேலத்தில் என்ன மாறியிருந்தது, அவர் அங்கே தங்க?

மறுபடி காஞ்சிபுரம் வருவோம். பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் நடந்தால் தெருவில் நீளமாகப் பாவு விரித்திருப்பார்கள். வீட்டுக்குள் போனால், பாதி இடத்தைத் தறி பிடித்திருக்கும். மனிதர்கள் மீதி இடத்தில். பட்டு நெசவாளிக்கு வீடுதான் பட்டறை. அவர் வாடகைக்கு வீடு தேடும்போது முதல் கேள்வி, "தறி போட இடம் இருக்கா?" வீடு போனால் தொழில் போச்சு. தொழில் போனால் வீடு போச்சு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கயிறு. அதன் பெயர் முன்பணம். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் வாங்கியது. அது அடைகிற வரைக்கும் தறி அவருக்கு. பல வீடுகளில் பிள்ளையும் அவருக்கு. 2003 ஜனவரியில் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' வெளியிட்ட அறிக்கை, பட்டுத் தறிகளில் இப்படிக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றியது. காஞ்சிபுரமும் அதில் இருந்தது.

நெசவாளிக்கு யாரும் உதவவே இல்லை என்று சொல்ல முடியாது. இதே ஊரில் பிறந்த அண்ணா, 1953-ல் தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். தானம் கேட்கவில்லை, வாங்கச் சொன்னார். கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. முருகன், காமாட்சியம்மன், திருவள்ளுவர், அண்ணா என்று இன்றும் போர்டு பார்க்கலாம். நூலும் கூலியும் சங்கத்திலிருந்து வந்தவரைக்கும் நெசவாளி முதலாளி வாசலில் நிற்கவில்லை. ஆனால், எல்லோரும் சங்கத்துக்குள் வந்துவிடவில்லை. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கைத்தறி படுத்தபோது, நெசவாளிகளுக்காக மறுபடி திறந்தது என்ன தெரியுமா? அதே கஞ்சித் தொட்டி!

ஏறக்குறைய அதே வருடங்களில்தான் 'ஹேண்ட் இன் ஹேண்ட்' என்ற தொண்டு நிறுவனம் காஞ்சிபுரத்தில் காலூன்றியது. பணம் ஸ்வீடனிலிருந்து. ஏ.பி.பி. என்ற ராட்சஸ கம்பெனியை நடத்திய பெர்சி பார்னெவிக் பின்னால் நின்றார். தறியிலிருந்து குழந்தைகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்புவதுதான் முதல் வேலை. சீக்கிரமே இன்னொன்று புரிந்தது. வீட்டில் வருமானம் இல்லையென்றால் மீட்ட பிள்ளை மறுபடி தறியில்தான் உட்காரும். ஆக, அம்மாக்களைச் சுய உதவிக் குழுவாக்கி, சேமிக்க வைத்து, சின்னக் கடன், சின்ன வியாபாரம் என்று போனார்கள். குழுக்கடனே புதுக் கயிறாக இறுகிய ஊர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும், தேடியது சரியான முடிச்சை.

2011 சென்சஸ்படி இந்தியாவில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு இரவுக் காப்பகமாவது வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2010-ல் சொன்னது. வேண்டும்தான். இன்று ராத்திரி மழை பெய்தால், தூங்க இடம் இன்று ராத்திரியே வேண்டும். கஞ்சியும் காத்திருக்காது. ஆனால், நாம் கொடுக்கிற பணம் மொத்தமும் அந்த முனைக்கே போவதேன்? சாப்பாடு போட்டால் போட்டோ எடுக்கலாம். ஒருவன் கடனாளி ஆகாமல் ஊரிலேயே இருந்துவிட்டதை எப்படிப் போட்டோ எடுப்பது?

காமாட்சியம்மன் இருநாழி நெல்லைக் கொண்டு காஞ்சியில் முப்பத்திரண்டு அறம் வளர்த்தாள் என்பார்கள். அந்தப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். சோறு பலவிதமாக வருகிறது. கூடவே 'தடம்' என்று ஒன்று. அதாவது குளம். 'விலை கொடுத்து உயிர் காத்தல்' என்று இன்னொன்று.

போன மாதம் என் அப்பாவின் திதி. வருஷா வருஷம் ஐம்பது பேருக்குச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுவது வழக்கம். இந்தத் தடவை இருபத்தைந்து பேருக்குக் கட்டிவிட்டு, மீதியை நெசவாளர் குடும்பங்களின் கடனை அடைக்க உதவுகிற ஒரு சின்ன அமைப்புக்கு அனுப்பினேன். ரசீதை அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"பாதி இலையைக் குறைச்சிட்டியேடா..." என்றாள். இன்னும் சமாதானம் ஆகவில்லை.