டம்மி லோடு: கிதார் ஆம்புக்கான போலிச் சுமையும் லைன் அவுட்டும்

கிதார் ஆம்பின் ஸ்பீக்கர் ஜாக்கில், ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டப்படும் மின்தடைப் பெட்டி டம்மி லோடு. ஆம்ப் தரும் மின்திறன் முழுவதையும் அது வெப்பமாக மாற்றிவிடும், சத்தம் வராது. அதிலிருந்தே ஒரு லைன் அவுட் எடுத்தால், முழு வால்யூமில் ஓடும் ஆம்பின் ஒலியை மிக்சருக்கோ கணினியின் ஆடியோ இன்டர்பேஸுக்கோ அனுப்பலாம். கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டுச் சிற்றூர் வீடானாலும், சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பானாலும், ஊர் உறங்கும் நேரத்தில் 50 வாட் வால்வு ஆம்பைத் திறந்து வாசித்துப் பதிவு செய்ய இது நல்ல வழி.

வானொலித் துறையில் இந்த உத்தி பழையது. அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம், எண்ணெய் நிரப்பிப் பயன்படுத்தும் பெயின்ட் டப்பாவுக்குள் 50 ஓம் மின்தடையை வைத்து, டிரான்ஸ்மிட்டர்களைச் சோதிக்கும் போலி ஆன்டெனாவாக விற்றது. கிதார் உலகில் 1980-ஐ ஒட்டி, பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் உருவாக்கிய பவர் சோக் இவ்வகைக் கருவிகளைப் பரவலாக்கியது.

சுமை ஏன் தேவை

வால்வு ஆம்பைச் சுமையின்றி ஓடவிடவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுற்றில் எதுவும் மாட்டப்படாதபோது, முதல் சுற்றில் மின்னழுத்தம் வழக்கத்தைவிடப் பல மடங்கு எகிறும். வால்வு சாக்கெட்டில் தீப்பொறி பாயும். டிரான்ஸ்பார்மரின் காப்பு எரிந்துபோகும். பெரும்பாலான டிரான்சிஸ்டர் ஆம்புகள் சுமையில்லாமல் தாங்கும். அவற்றுக்கு எமன் ஷார்ட் சர்க்யூட்தான்.

மின்தடைகள்

8 ஓம் சுமையில் 50 வாட் என்றால் 20 வோல்ட், 2.5 ஆம்பியர். 100 வாட்டுக்கு ஏறக்குறைய 28 வோல்ட், 3.5 ஆம்பியர். ஒலி உடையும் அளவுக்கு ஓவர்டிரைவ் செய்தால், ஆம்ப் தன் அறிவிக்கப்பட்ட திறனைத் தாண்டி, கிட்டத்தட்ட இரு மடங்கு வரை தரக்கூடும். எனவே 50 வாட் ஆம்புக்கு 100 வாட் சுமை என்பது குறைந்தபட்சம். 200 வாட் வைப்பதே சரி.

அலுமினிய உறையிட்ட 8 ஓம், 50 வாட் மின்தடைகள் நான்கு வேண்டும். இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் மீண்டும் 8 ஓம். தாங்குதிறன் 200 வாட். உறையில் அச்சிட்டுள்ள வாட் எண் ஹீட்சிங்கில் இறுக்கிப் பொருத்தினால் மட்டுமே பொருந்தும். வெறுமனே தொங்கவிட்டால் அதில் பாதிகூடத் தாங்காது. அடிப்புறத்தில் தெர்மல் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவி, துடுப்புகள் கொண்ட தடித்த ஹீட்சிங்கில் திருகி இறுக்க வேண்டும். கம்பியை முனையின் துளையில் நுழைத்து, முறுக்கி, பிறகே ஈயம் வைக்க வேண்டும். சூட்டில் ஈயம் இளகினாலும் இணைப்பு விடக்கூடாது. பெட்டியின் மேலும் கீழும் காற்றுத் துளைகள் அவசியம்.

கொல்லிமலை 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கேற்ப வெப்பம் வெளியேறுவதும் சற்றுக் குறையும். ஆனால் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் பெரிய வேறுபாடு தெரியாது. மழைக்கால ஈரத்தில் ஜாக்குகள் களிம்பு பிடிப்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது.

பல்பைச் சுமையாக மாட்டுவது தவறு. காரின் 12 வோல்ட், 55 வாட் ஹெட்லைட் பல்பு எரியும்போது 2.6 ஓம் காட்டும். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, ஏறக்குறைய ஷார்ட்டாகவே நிற்கும்.

லைன் அவுட்

சுமையின் இரு முனைகளுக்கிடையே 15 கிலோ ஓம் மின்தடையையும் 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரையும் தொடரில் வைத்தால், 20 வோல்ட் பதினாறில் ஒரு பங்காகி 1.25 வோல்ட் ஆகும். தொழில்முறை லைன் அளவான 1.23 வோல்ட்டுக்கு இது மிக அருகில். பொட்டின் நடுக்காலிலிருந்து சிக்னலை எடுக்க வேண்டும்.

ஆம்பும் மிக்சரும் தனித்தனி எர்த்தில் இருந்தால் கேபிள் வழியே வளையம் உண்டாகி 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்கும். 600 ஓம், ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்பார்மரை இடையில் வைத்து, பெட்டியோடு ஒட்டாத பிளாஸ்டிக் ஜாக்கைப் பயன்படுத்தினால் அது நீங்கும். பிளக்கின் எர்த் பின்னை வெட்டி இரைச்சலைப் போக்குவது உயிரோடு விளையாடுவது. கிளாஸ்-டி ஆம்புகள் பலவற்றில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை எர்த் அல்ல. அங்கே டிரான்ஸ்பார்மர் இல்லாமல் லைன் அவுட் எடுத்தால் ஆம்பே போய்விடும்.

ஸ்பீக்கரும் மின்தடையும் ஒன்றல்ல

8 ஓம் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம் இல்லை. 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒத்ததிர்ந்து பல மடங்கு உயரும். மேல் அதிர்வெண்களில் சுருளின் மின்தூண்டலால் மீண்டும் ஏறும். வால்வு ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஒலியை மாற்றும். அடித்தொனியின் குத்தும் மேல்தொனியின் கூர்மையும் அதில் பிறப்பவை. வெறும் மின்தடையில் அவை தட்டையாகிவிடும். சுருள், கெப்பாசிட்டர் சேர்த்த ரியாக்டிவ் லோடு இந்த வளைவைப் போலச் செய்யும். வாசிப்பதற்காகச் செய்பவர் அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம். பழுதுபார்ப்பதற்கு வெறும் மின்தடை போதும்.

எந்தச் சுமையானாலும் ஒன்று பாக்கி இருக்கும். கிதார் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைச் சரசரவென்று வெட்டிவிடும். லைன் அவுட்டில் அந்த வெட்டு இல்லாததால், ஓவர்டிரைவ் ஒலி தகரத்தைக் கீறுவதுபோல் கேட்கும். ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த கேபினட் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பைக் கணினியில் ஏற்றினால் சரியாகும்.

பயன்படுத்தும்போது

ஆம்பின் ஓம் சுவிட்ச் 8-இல் இருக்க வேண்டும். இணைப்புக்கு ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்த வேண்டும். கிதார் கேபிளின் மெல்லிய கம்பி சூடாகி உருகும். மாட்டும் முன் மல்டிமீட்டரால் ஜாக்கை அளந்து பாருங்கள். மீட்டர் கம்பிகளின் தடையும் சேர்ந்து 8-க்குச் சற்று மேலே காட்டினால் கவலையில்லை. 16 காட்டினால் ஒரு ஜோடி அறுந்திருக்கிறது, எதுவுமே காட்டாவிட்டால் சுமையே இல்லை. அந்த நிலையில் ஆம்பின் சுவிட்சைப் போடாதீர்கள்.