உயர்ந்த படிப்பு எது?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, "விஞ்ஞானப் பிரிவு கிடைக்குமா?" என்பதே. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி ஒரே குரலில் ஒலிக்கக் கேட்கிறோம். மதிப்பெண் மிகுந்த பிள்ளைக்கு விஞ்ஞானம், அடுத்த பிள்ளைக்கு வணிகவியல், எஞ்சிய பிள்ளைக்கு வரலாறும் இலக்கியமும் என்று ஒரு படிவரிசையை நாம் வகுத்து வைத்திருக்கிறோம். அவ்வரிசை என்றும் உள்ளது போலவும், இனியும் மாறாதது போலவும் எண்ணுகிறோம். ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால், உண்மை வேறு என்பது புலனாகும்.

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக் கழகங்கள் தோன்றின. அந்நாளில் பட்டம் பெற்றோர் பெரிதும் நாடிய இடங்கள் நீதிமன்றமும் சர்க்கார் அலுவலகமுமே. அவற்றுக்கு வாயிலாக அமைந்தவை ஆங்கில இலக்கியம், வரலாறு, தத்துவம், சட்டம் ஆகிய துறைகள். விஞ்ஞானம் கற்றோருக்கு ஆய்வுக்கூடமும் அரிது, உத்தியோகமும் அரிது. ஜவாஹர்லால் நேரு கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்று 1910-இல் பட்டம் பெற்றவர். எனினும் அதன்பின் சட்டம் பயின்று 1912-இல் பாரிஸ்டராகவே தாயகம் திரும்பினார். அன்றைய உயர்குடியினர் உயர்ந்த படிப்பு என்று கருதியது சட்டத்தையே.

வெளி மாநிலத்தில் வாழ்ந்த தமிழர் இருவரின் வரலாறும் இதற்குச் சான்று. சந்திரசேகர வெங்கட ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். ஆயினும் அவர் நிதித்துறைத் தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாக அமர்ந்தார். மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில், அலுவல் நேரம் போக எஞ்சிய காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி நடத்தினார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1917-இல், குறைந்த ஊதியத்தை ஏற்றுப் பேராசிரியரானார். 1928-இல் அவர் கண்ட உண்மைக்கு 1930-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

அவருடைய தமையனாரின் மைந்தர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையார் ரயில்வே கணக்குத் துறையில் பணியாற்றியமையால் 1910-இல் லாகூரில் பிறந்தவர். மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். தம் மனம் நாடிய துறையையே பற்றிக்கொண்ட மகனுக்குத் தாயார் துணை நின்றார். அவருக்கு நோபெல் பரிசு 1983-இல் கிடைத்தது. அன்றைய சமுதாயம் அறிவுள்ள இளைஞரை விஞ்ஞானத்திலிருந்து விலக்கியே இழுத்தது என்பதை நாம் இங்கே கருத வேண்டும்.

இந்த நிலை மாறியது சுதந்திரத்திற்குப் பின்னரே. விடுதலை வீரர்களை ஆங்கில அரசு அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி முகாமில், 1951-இல் கரக்பூர் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பிலாய், ரூர்கேலா, துர்க்காபூர் ஆகிய இடங்களில் எஃகு ஆலைகள் எழுந்தன. 1958-இல் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானம் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 1963-க்குள் பம்பாய், சென்னை, கான்பூர், தில்லி ஆகிய நகரங்களும் தொழில்நுட்பக் கழகங்களைப் பெற்றன. ஆலைகளுக்கு இஞ்ஜினீயர்கள் தேவைப்பட்டனர். மருத்துவமனைகளுக்கு டாக்டர்கள் தேவைப்பட்டனர். உத்தியோகம் எங்கே சென்றதோ, மதிப்பும் அங்கே சென்றது.

தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று வடக்கே வந்த நம் முன்னோரில் பலருக்கு இங்கே நிலமில்லை. தாங்கி நிற்கச் சுற்றமும் இல்லை. பிள்ளையின் பட்டமே அவர்களுடைய சொத்து. ஆகவே, உறுதியாகச் சோறு போடும் படிப்பை அவர்கள் நாடியதில் வியப்பில்லை. அந்த அச்சம் நியாயமானதே. அது அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு மரபாக இறங்கி, ஆராயாமல் ஏற்கும் நம்பிக்கையாக உறைந்துவிட்டதே நம் கவலை.

கல்வித் திட்டம் வகுத்தவர்கள் இத்தகைய படிவரிசையைக் கருதவில்லை. 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், மருத்துவராகிய ஆ. இலட்சுமணசாமி முதலியார். அக்குழு மனிதவியல், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளைப் பரிந்துரைத்தது. மாணவரின் இயல்பறிந்து வழிகாட்ட வேண்டுமென்றும் கூறியது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழுவின் தலைவர் கோத்தாரி ஒரு பௌதிக விஞ்ஞானி. அக்குழு, பத்தாம் வகுப்பு வரை விஞ்ஞானமும் கணிதமும் அனைவருக்கும் பொதுவாக அமையட்டும் என்றது. விஞ்ஞானம் எல்லோருக்கும் உரிய அறிவாக வேண்டுமென்பது அவர்கள் நோக்கம். அதைச் சிலர் மட்டும் வெல்லும் பரிசாக ஆக்கியது சமுதாயம்.

சர்க்காரின் திட்டங்களும் இதற்கு ஓரளவு துணை புரிந்தன. 1963-இல் தில்லியில் தொடங்கி, அடுத்த ஆண்டு நாடு முழுவதும் பரவிய திறன் தேடல் தேர்வு விஞ்ஞான மாணவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சமூகவியல் துறைகளுக்கு அதில் இடம் கிடைக்க 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"விஞ்ஞானம் படித்தவன் பின்னால் எத்துறைக்கும் மாறலாம், மற்றவற்றைப் படித்தவன் விஞ்ஞானத்துக்கு வர இயலாது" என்று பெற்றோர் கூறுவதுண்டு. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இது கல்லூரிச் சேர்க்கை விதிகளைப் பற்றிய உண்மை. படிப்பின் தகுதியைப் பற்றியதன்று. மனம் ஒன்றாத பாடங்களோடு இரண்டு ஆண்டுகள் மல்லாடும் பிள்ளை, மாறும் வலிமையையே இழந்துவிடக் கூடும். ராஜஸ்தானத்துக் கோட்டா நகரில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து விடுதி அறைகளில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரிடையே நேர்ந்த தற்கொலைகளை நாடு வேதனையோடு அறிந்திருக்கிறது.

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் மருத்துவர் வீட்டுப் பிள்ளை. மருத்துவம் பயில்வார் என்று குடும்பத்தார் எதிர்பார்த்தனர். 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் அவர் மனத்தை வேளாண்மையின்பால் திருப்பியது. மருத்துவத்தோடு ஒப்பிட, வேளாண்மைக்கு அன்று மதிப்புக் குறைவு. அவர் பின்னாளில் தில்லியில் ஆற்றிய கோதுமை ஆராய்ச்சியின் பயனை நாடே நுகர்ந்தது. ஐராவதம் மகாதேவன் ரசாயனமும் சட்டமும் படித்தவர், ஆட்சிப் பணியாளர். சிந்துவெளி எழுத்துக்களைக் கணிப்பொறியின் துணையோடு தொகுத்து 1977-இல் நூலாக வெளியிட்டவர் அவரே. பழந்தமிழ்க் கல்வெட்டுக்களும் அவர் உழைப்பால் விளக்கம் பெற்றன. துறைகளுக்கிடையே நாம் எழுப்பும் சுவர்கள் அத்துணை உறுதியானவை அல்ல.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே கடினமான பிரிவினை வேண்டாம் என்கிறது. ஆயினும் கொள்கை பள்ளிக்கூடத்தின் வாயிற்படி வரையிலேதான் வரும். வீட்டுக்குள் முடிவெடுப்பவர்கள் நாமே. விஞ்ஞானத்தை விரும்பும் பிள்ளை அதையே மகிழ்ந்து கற்கட்டும். வேறொன்றை விரும்பும் பிள்ளையைத் தோற்றவனாக எண்ணாதிருப்போம். இனி முடிவு வெளியாகும் நாளில் மதிப்பெண் பட்டியலை மட்டும் நோக்காமல், யாரும் சொல்லாமலே அப்பிள்ளை எடுத்துப் படிக்கும் நூல் எது என்பதையும் கேட்டறிவோமாக.