நெறியாளருக்கு எழுதிய ஒரு வரி: அம்பேத்கரின் ஐந்து ஆண்டுகள்

1922 பிப்ரவரி 16 அன்று அம்பேத்கர் லண்டனிலிருந்து கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வின் செலிக்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1917இல் நாடு திரும்பும் வழியில் கப்பல் டார்பிடோவால் தாக்கப்பட்டு ஆய்வேட்டின் கைப்பிரதி அழிந்துபோனது. ஆகவே புதிய ஆய்வேடு ஒன்றை எழுதியிருக்கிறேன் என்பது அதன் செய்தி. ஐந்தாண்டுத் தாமதத்திற்கான விளக்கம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

அந்த வரிக்கு வெளியே நின்றவை எவை? 1917இல் பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால், லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்தி அவர் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் பணியேற்றவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரைத் தடியேந்திய கூட்டம் ஒன்று வெளியேற்றியது. பம்பாய் திரும்பி 1918 முதல் 1920 வரை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோதும், பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதைச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்தனர். பரேலில் சால் குடியிருப்பொன்றில் குடும்பத்தோடு வாழ்ந்து, ஊதியத்தில் மிச்சம்பிடித்து, ஷாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பத்தேனாவின் கடனும் சேர்ந்த பிறகே 1920இல் மீண்டும் லண்டன் சென்றார்.

போர் தந்த இழப்பை ஆசிரியரிடம் சொல்வதில் தயக்கத்திற்கு இடமில்லை. அது எவருக்கும் நேரக்கூடியது, எவருக்கும் விளங்கக்கூடியது. சாதி தந்த இழப்பு அத்தகையதன்று. இத்தனைக்கும் கொலம்பியாவுக்குச் சாதி அறிமுகமாகாத பொருளல்ல. 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் குறித்துக் கட்டுரை படித்தவர் அம்பேத்கரே. ஆய்வுப்பொருளாகச் சாதி வகுப்பறைக்குள் நுழைய முடிந்தது. பரோடா விடுதியின் கதையோ, பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்புகளில்தான் இடம்பெற்றது. அது நூலாக வெளிவந்தது 1990இல்.

அவர் கல்வி முறிந்துபோகாமல் காத்தவை இரண்டு. ஒன்று, ஆசிரியர்களின் துணை: செலிக்மன் லண்டன் பேராசிரியர் ஃபாக்ஸ்வெல்லுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மற்றொன்று, நிறுவனத்தின் நெகிழ்வு: 1917 ஜூலையில் லண்டன் பல்கலைக்கழகம் நான்காண்டுகள் வரை விடுப்பு வழங்கியது. அவ்விடுப்பு இல்லையெனில் 1920இல் அவர் திரும்பி வருவதற்கு வாயில் திறந்திருக்காது. 1923இல் ரூபாய்ச் சிக்கல் குறித்த ஆய்வேடும் உருவாகியிருக்காது.

இன்றைய பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022 விதிமுறைகள் முனைவர் பட்டத்திற்கு ஆறு ஆண்டுகளும், மறுபதிவின் வழி மேலும் இரண்டு ஆண்டுகளும் அளிக்கின்றன. பெண்களுக்கும் 40 விழுக்காட்டிற்கு மேற்பட்ட மாற்றுத்திறன் உடையோர்க்கும் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் உண்டு. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காகப் பெண்களுக்கு 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதும், குடும்பக் கடனும், தாமதமாகும் உதவித்தொகையும் இப்பட்டியலில் இல்லை. அவற்றை நெறியாளரின் செவிதான் கேட்க வேண்டியிருக்கிறது.

தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ படிக்கச் செல்லும் முதல் தலைமுறை மாணவர் இக்கடிதத்திலிருந்து ஒன்றைக் கற்கலாம்: நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, அடுத்துச் செய்யப்போவதையும் சேர்த்தே எழுதுவது. நெறியாளர்கள் கற்க வேண்டியது வேறு. மாணவர் எழுதும் ஒற்றை வரியே அவருடைய முழு நிலையும் என்று கொள்ளாமல், அடுத்த கேள்வியைத் தாமே கேட்க வேண்டும்.