நிகண்டும் நினைவும்

ஆத்திசூடி முதலியவற்றைக் கற்ற பின்னர் மாணாக்கன் நிகண்டை மனனஞ் செய்வது பழைய திண்ணைப் பள்ளிக்கூட வழக்கு. இதனைக் 'கிளிப்பிள்ளைப் படிப்பு' என நகைப்பவர் எம்முட் பலர். மிஷன் பாடசாலைகளிற் பயின்ற எம்போன்றோர்க்கு ஊட்டப்பட்ட எண்ணமும் பெரும்பாலும் அதுவே. ஆயினும் சூடாமணி நிகண்டின் அமைப்பைச் சற்றே நோக்குவோர் அங்ஙனம் நகையார்.

மண்டலபுருடர் என்னுஞ் சமணப் புலவர் அதனைப் பன்னிரு தொகுதிகளாக விருத்தப்பாவிற் செய்தார். முதற் பத்துத் தொகுதிகளும் பொருள்களின் பெயர்களைக் கூறும். பதினொராந் தொகுதியோ ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை, எதுகை முறையில், அஃதாவது சொல்லின் இரண்டாமெழுத்தைக் கொண்டு வகுத்துக் கூறும். ஏன் இவ்வாறு செய்தார்? ஏட்டுச்சுவடியை இக்காலத்து அகராதிபோல் நினைத்தவுடன் புரட்டிப் பார்த்தல் எளிதன்று. ஆகவே படிப்பவனுடைய நெஞ்சே அகராதியாதல் வேண்டும். சொல்லைக் கேட்டவுடன் எதுகை செய்யுளை நினைப்பூட்டும். செய்யுள் பொருளைத் தரும்.

யேர்மனி தேசத்து எபிங்கவுஸ் என்பார் 1885இல் நினைவாற்றலைப் பற்றித் தாம் செய்த சோதனைகளை நூலாக வெளியிட்டார். பொருளற்ற அசைகளையும், பைரன் என்னும் ஆங்கிலக் கவிஞரின் செய்யுள்களையும் தாமே மனனஞ் செய்து பார்த்தார். செய்யுளுக்கு வேண்டிய உழைப்பு, அதேயளவு பொருளற்ற அசைகளுக்கு வேண்டியதில் ஏறக்குறையப் பத்திலொன்றே! ஒரே மூச்சிற் பன்முறை சொல்வதிலும், பல நாட்களிற் பகிர்ந்து சொல்வதே பயன்றரும் என்பதும் அவர் கண்டது. எம் சட்டம்பிமார் இதனை எந்தச் சோதனைச்சாலையிலுங் கற்கவில்லை.

எனினும் மனனம் வாசிப்பு ஆகாது. 1892இல் பிரான்சு தேசத்து வைத்தியர் தெஜரின் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்நோயாளி பேசுவார், எழுதுவார். தாம் எழுதியதைத் தாமே வாசிக்க மாட்டார். மூளையின் இடப்புறத்துப் பிற்பகுதி பழுதுற்றமையே காரணம். வாசிக்கப் பழகியோரின் மூளையில் அப்பக்கத்துள்ள ஓரிடம் எழுத்துக்களைக் கண்டவுடன் தொழிற்படுவதை இக்காலப் படப்பிடிப்புக் கருவிகள் காட்டுகின்றன. கண்ணுக்கு இப்பயிற்சியை நிகண்டு தராது. இன்னுமொரு குறையுமுண்டு. வேழமென்பது யானையுமாம், கரும்புமாம், மூங்கிலுமாம். எவ்விடத்தில் எதுவென்பதை நூல்களிற் பயின்றே அறிதல் வேண்டும்.

1842இல் அமெரிக்க மிஷனார் மானிப்பாயில் அகரவரிசை அகராதியொன்றை அச்சிட்டனர். ஆறுமுக நாவலர் 1849இற் சென்னையிற் சூடாமணி நிகண்டை உரையுடன் பதிப்பித்தார். நிகண்டும் அச்சேறியது, ஆனால் வென்றது அகராதியே. இன்று பல்கலைக்கழகத்தில் பழஞ்செய்யுள் படிக்கும் நாம் அடிக்கு மூன்று முறை அகராதியைப் புரட்டுகின்றோம். மூன்றாஞ் சொல்லைத் தேடி முடிக்குமுன் முதலடி மறந்துவிடுகின்றது. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொள்வோருக்கு முதலாண்டிலே பதினொராந் தொகுதியை மட்டுமேனும் பாடமாக்கினால் என்ன?