இறாத்தல் கணக்கில் பெயர்பெற்ற பீரங்கிகள்

அக்கரைப்பற்றுக் கடைகளில் இன்றும் "ஒரு இறாத்தல் பாண்" என்றுதான் கேட்பார்கள். பிரித்தானியர் விட்டுச்சென்ற அந்த அளவையே இரண்டாம் உலகப் போரில் அவர்களுடைய தாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் பெயர் கொடுத்தது. சுடும் குண்டு என்ன எடையோ அதுவே பீரங்கியின் பெயர்: இரண்டு இறாத்தல், ஆறு இறாத்தல், பதினேழு இறாத்தல்.

போர் தொடங்கும்போது கையில் இருந்தது 40 மில்லிமீற்றர் வாய்கொண்ட இரண்டு இறாத்தல் பீரங்கி. அதன் முதன்மையான குண்டு வெறும் கெட்டி உருக்கு. உள்ளே வெடிமருந்து கிடையாது. பாய்ந்துவரும் வேகத்தாலேயே தகட்டைத் துளைத்து உள்ளிருப்பதைச் சிதைக்க வேண்டும்.

1942 ஜனவரி 7 அன்று மலாயாவின் சிலிம் ஆற்றுப் பகுதியில் யப்பானியத் தாங்கிகள் 11ஆவது இந்தியப் படைப்பிரிவை ஊடறுத்துப் போயின. பதினொரு நாள் கழித்து, மூவாருக்கு அருகே பக்ரி வீதியில் யப்பானியர் ஒன்பது ஹா-கோ தாங்கிகளோடு வந்தார்கள். அங்கே அவுஸ்திரேலியரின் இரண்டு இறாத்தல் பீரங்கிகள் காத்திருந்தன. முதலில் சுட்ட துளைகுண்டுகள் குறி தப்பவில்லை. ஆனாலும் தாங்கிகள் நிற்கவில்லை! ஹா-கோவின் தகடு மிகத் தடித்த இடத்திலேயே 12 மில்லிமீற்றர்தான். உருக்குக் குண்டு ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் வெளியேறிவிட்டது. வீரர்கள் உடனே உள்ளே வெடிமருந்து நிரப்பிய வெடிகுண்டுக்கு மாறினார்கள். ஒன்பது தாங்கிகளும் அந்த வீதியிலேயே அழிந்தன.

வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் நிலைமை நேர்மாறு. ஜேர்மன் தாங்கிகளின் கடினப்படுத்திய முகத்தகட்டில் அதே உருக்குக் குண்டு மோதிச் சிதறியது. வெடிகுண்டோ அங்கிருந்த இரண்டு இறாத்தல் பீரங்கிகளுக்குப் பெரும்பாலும் வழங்கப்படவில்லை. அதனால் தாங்கியை மறிக்கும் பொறுப்பு 25 இறாத்தல் களப்பீரங்கிகளின் தலையில் விழுந்தது. 1942 மே 27 அன்று பீர் ஹக்கெய்முக்கு அருகே 3ஆவது இந்திய மோட்டார் பிரிகேட்டின் பீரங்கிவீரர்கள் அவற்றைக் கொண்டே இத்தாலிய அரியெற்றே தாங்கிப்படையை எதிர்த்தார்கள். பிரிகேட் சிதறடிக்கப்பட்டது. இந்த வீரர்களின் துணிவு நம் பக்கத்தில் போதுமான அளவு பேசப்படவில்லை.

உருக்குக் குண்டு மோதிச் சிதறுவதற்கு மருந்தாக அதன் மூக்கில் மென்மையான உருக்குத் தொப்பி ஒன்று வந்தது. மோதலின் முதல் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். காற்றைக் கிழிக்க அதன்மேல் இன்னொரு கூர்மூடி.

1944இல் 57 மில்லிமீற்றர் ஆறு இறாத்தல் பீரங்கிக்கு முற்றிலும் புதிய குண்டு கிடைத்தது. நடுவில் ஒடுக்கமான டங்ஸ்தன் கரு, சுற்றிலும் இலேசான உறை. வாயைவிட்டு வெளியேறியதும் உறை கழன்று விழ, கரு மட்டும் செக்கனுக்குச் சுமார் 1,200 மீற்றர் வேகத்தில் பறந்தது. பதினேழு இறாத்தல் பீரங்கிக்கும் அதே ஆண்டில் அது வந்து சேர்ந்தது.

பக்ரிச் சமருக்கு மூன்று மாதம்கூட ஆகாத 1942 ஏப்ரல் 9இல், மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பலின் கதை அடுத்த வாரம்.