சாம்பல் எச்சரிக்கை பிறந்த கதை

1982 ஜூனில் லண்டனிலிருந்து ஆக்லாந்துக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸின் 9-ஆம் எண் விமானம் பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் என்று இறங்கி இறங்கிப் போனது. அந்த போயிங் 747, ஜூன் 24 இரவு ஜாவா தீவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில் நான்கு இன்ஜின்களையும் இழந்தது. உலகத்து விமானிகளுக்கு இன்று போய்ச் சேரும் எரிமலைச் சாம்பல் எச்சரிக்கையின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் முன்கண்ணாடியில் வெண்ணிற மின்பொறிகள் ஓடின. பிறகு கேபினுக்குள் கந்தக நெடியோடு புகை. ரேடாரில் ஒன்றும் தெரியவில்லை. அது மழைத்துளியைக் காட்டும், உலர்ந்த பொடியைக் காட்டாது. நான்காவது இன்ஜின் அணைந்தது, சற்று நேரத்தில் மற்ற மூன்றும். 248 பயணிகளிடம் கேப்டன் எரிக் மூடி, நான்கு இன்ஜின்களும் நின்றுவிட்டன, சின்னப் பிரச்சினைதான் என்று அமைதியாக அறிவித்தார். விமானத்தை ஜகார்த்தா பக்கம் திருப்பி, உயரத்தை இழந்துகொண்டே இன்ஜின்களை மறுபடி மறுபடி கிளப்பிப் பார்த்தார்கள். சுமார் 13,000 அடிக்கு வந்தபோது முதலில் அணைந்ததே முதலில் பிடித்தது.

எரிமலைச் சாம்பல் நம் விறகடுப்புச் சாம்பல் போல மெத்தென்று இருப்பதில்லை. நொறுங்கிய பாறையும் கண்ணாடியும் அது. சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் உருகும்; இன்ஜினின் எரிகலன் அதைவிடச் சூடு. உருகியது டர்பைனுக்கு முன்னால் உள்ள தகடுகளில் ஒட்டி இறுகி, காற்று போகும் வழியை அடைத்துவிடுகிறது. நின்றுபோன இன்ஜின் குளிர்ந்ததும் அந்தப் பூச்சு விரிசல் விட்டு உதிர்ந்தது. கீழே காற்றும் சுத்தமாக இருந்தது. அதனால்தான் பிழைத்தார்கள். ஒரு இன்ஜினைத் திரும்ப நிறுத்த வேண்டியிருந்தது. மூன்றை வைத்துக்கொண்டு, துகள் உராய்ந்து மங்கிப்போன கண்ணாடி வழியாகத் தடுமாறிப் பார்த்து ஜகார்த்தாவில் இறங்கினார்கள்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சாம்பலைக் கக்கிய ஜாவாவின் கலுங்குங் எரிமலை அந்த ஏப்ரலிலிருந்தே வெடித்துக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த கிராமத்து மக்களுக்குத் தெரியும், எரிமலை ஆய்வாளர்களுக்குத் தெரியும். ஆகாயத்தில் போனவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. செய்தி இருந்தது, அது காக்பிட் வரை போக வழி இல்லை. மூன்று வாரத்துக்குள் ஒரு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 747-உம் அதே மலையின் சாம்பலில் மாட்டியது.

அதன்பிறகே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதைக் கையில் எடுத்தது. 1987-இல் எரிமலைகளைக் கண்காணித்து விமானங்களுக்குச் சொல்லும் ஏற்பாடு வந்தது. அதுவும் போதவில்லை. 1989 டிசம்பரில் அலாஸ்காவின் ரிடவுட் எரிமலைச் சாம்பலில் புகுந்த ஒரு கேஎல்எம் 747, தப்பிக்க முழு விசை கொடுத்து மேலே ஏறியது. விசை கூடினால் சூடு கூடும், சாம்பல் இன்னும் உருகும். நான்கு இன்ஜின்களும் நின்றன. ஆயிரக்கணக்கான அடி இறங்கிய பிறகே மீண்டன.

மேலே ஏறாதே, விசையைக் குறை, வந்த வழியே திரும்பு: விமானிகளின் கையேட்டில் இன்று இருக்கும் பாடம் இப்படித்தான் உறுதிப்பட்டது. 1990-களில் சாம்பல் எச்சரிக்கை மையங்களும் அமைந்தன. இப்போது டார்வின், டோக்கியோ, துலூஸ் உட்பட ஒன்பது. அந்தமானின் பாரன் தீவு எரிமலை புகைந்தால் எச்சரிப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போகிறவர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை.

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை வெடித்து, சாம்பல் வட இந்தியா வரை மிதந்து வந்தது. துலூஸ் மையம் எச்சரித்தது, சாம்பல் உள்ள பகுதிகளைத் தவிர்க்கும்படி நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனங்களுக்குச் சொன்னது. அந்தப் பக்கம் பறந்திருந்த விமானங்களைத் தரையில் நிறுத்திச் சோதிக்க ஏர் இந்தியா ரத்து செய்த பயணங்களில் சென்னை–மும்பை விமானமும் ஒன்று.