வாய்ச்சி பிடித்த கைகள்

கடல் கடப்பவன் சாதியினின்றும் வீழ்வான் என்றது போதாயன தருமசூத்திரம். கடற்பயணம் செய்த பார்ப்பனனை நீத்தார் சடங்கில் பந்திக்கு அழையாதே என்றது மனுநூல். ஏட்டிலே இட்ட பூட்டு! 1914-இல் கணித மேதை இராமானுசன் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதற்கும் அந்தப் பூட்டே குறுக்கே நின்றது.

ஏடு தடுத்தது, உழைப்போன் கை கட்டியது. பம்பாய்க் கப்பல் தளத்தைப் பாருங்கள், தோழர்களே! 1736-இல் சூரத்திலிருந்து தச்சர் சிலருடன் அங்கு வந்தார் லவ்ஜி நசர்வான்ஜி வாடியா. பார்சி அவர், மனுவின் தடை அவருக்கில்லை. மலையாளக் காடுகளின் தேக்கு வந்திறங்கியது. ஏராக்கட்டையைக் கிடத்தினர், விலாக்கட்டைகளை நாட்டினர், பலகை பொருத்தினர், இடுக்குகளிலே நாரும் கீலும் திணித்துக் கலப்பற்று முடித்தனர். ஓக்கு மரத்தின் புளிப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ ஆணியைக் காக்கும். எந்த மந்திரம் இதைச் சொல்லிற்று? வாய்ச்சி பிடித்த கையல்லவா கண்டறிந்தது!

லவ்ஜியின் பேரர் ஜம்சேட்ஜி 74 பீரங்கி தாங்கும் 'மிண்டன்' போர்க்கப்பலை 1810-இல் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டித் தந்தார். தாம் கட்டிய கப்பலொன்றின் அடிக்கட்டையில், இதைக் கட்டியவன் பாழாய்ப்போன ஒரு கறுப்பன் என்று அவர் செதுக்கி வைத்தார் என்றொரு கதை வழங்குகிறது. கதையாகவே இருக்கட்டும்; அந்த ஏளனத்திலே எரிவது தன்மான நெருப்பு அன்றோ!

வெள்ளையன் திறமையை வாங்கினான், மனிதனை ஏற்றானில்லை. இந்தியத் தளங்களில் கட்டிய வணிகக் கப்பல்கள் தேம்சு ஆற்றிலே நுழைந்தபோது இலண்டன் கப்பல் கட்டுவோர் கூக்குரலிட்டனர். ஆசிய மாலுமியை பிரிட்டிஷ் மாலுமியாகக் கருதலாகாது என 1823-இல் சட்டமே வந்தது. கப்பல் வேண்டும், அதிலே பாய் விரிப்பவனுக்கு உரிமை வேண்டாமாம்!

இன்னொரு கொடுமையும் உண்டு; மறைப்பானேன்? 1813-இல் பம்பாயிலே உருவான 'கார்ன்வாலிஸ்' கப்பலின் மேல்தான் 1842-இல் நான்கிங் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அபினி விற்கும் உரிமைக்காக நடந்த போரிலே தோற்ற சீனம், ஆங்காங்கை இழந்தது அந்தத் தேக்குத் தளத்தின் மேலே!

1817-இல் அங்கே கட்டப்பட்ட 'டிரிங்கோமலி' இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் துறையிலே இன்றும் மிதக்கிறது. கட்டிய தலைமைத் தச்சர் ஜம்சேட்ஜி என்று ஏடு பேசுகிறது. பலகை அறுத்தோர், ஆணி அறைந்தோர் பெயர்களை மட்டும் காணோம்.